பச்சை வலையைச் சுருட்டிய நாள்

மார்ச் 11, செவ்வாய்

இன்று காலை பதினொன்று இருபதுக்கு எனக்கு இரண்டு நிழல்கள் இருந்தன.

எனக்குக் குடிப் பழக்கம் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏழாம் தொட்டியருகே குனிந்து மாதிரித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். தொட்டியின் வெள்ளைச் சுவரில் என் நிழல் விழுந்திருந்தது. அதன் பக்கத்திலேயே நீலம் பாய்ந்த இன்னொரு நிழல் எழுந்தது. நிமிர்ந்தேன். தெற்கே சவுக்குத் தோப்புக்கு மேல், யாரோ வானத்தில் வெல்டிங் வைப்பதுபோல் ஒரு புள்ளி. பத்து எண்ணுவதற்குள் மங்கிவிட்டது.

தொட்டி கழுவிக்கொண்டிருந்த பூங்காவனம், "இன்னா சார் அது?" என்றாள்.

"ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவுல விட்டிருப்பான். வேலையப் பாரு."

"ராக்கெட்டுன்னா வடக்கால இல்ல சார் வரணும்? பின்னால பொகையும் வரலியே."

எங்கள் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் பதினாறு வருடமாகத் தொட்டி கழுவுகிறவள். எனக்குத் திசை சொல்லிக்கொடுக்கிறாள். ஆய்வறைக்குள் போய்விட்டேன். செல்போன் ஒரு மணி நேரம் வேலை செய்யவில்லை.

மார்ச் 12, புதன்

டிவியில் ஒரே கூச்சல். அது ராக்கெட் இல்லையாம், நட்சத்திரமாம். தூசி மேகத்துக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு பெரிய நட்சத்திரம் தனக்குள்ளேயே இடிந்து விழுந்து, இடிந்த வேகத்தில் ஒரு கதிரைப் பீய்ச்சியடித்திருக்கிறது. அது நேராக நம் பக்கம் வந்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டு தூரம் என்றார்கள். அப்படியென்றால், மாமல்லபுரத்தில் பாறையில் உளி வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது வெடித்திருக்கிறது. அத்தனை காலம் நடந்து வந்து நேற்று பதினொன்று இருபதுக்கு என் தொட்டியில் நிழலாக விழுந்திருக்கிறது. எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு விஞ்ஞானி சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு விஞ்ஞானி வாய் திறக்கவில்லை.

மனைவி தமயந்தி சிதம்பரத்திலிருந்து போன் செய்தாள். அவளுடைய சொந்தக்காரர்களிடம் என் உத்தியோகத்தைப் பற்றி, "பாசி வளர்க்கிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். தப்பில்லை. இறால் குஞ்சு பிறந்து இரண்டாம் நாள் வாய் திறக்கும். திறந்த வாயில் கடல்பாசி இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் செத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசியை முதலில் கண்ணாடி ஜாடியில் வளர்த்து, பிறகு வெளியே பன்னிரண்டு தொட்டிகளில் வெயில் காட்டிப் பெருக்குகிறேன். நன்றாக வளர்ந்தால் தொட்டித் தண்ணீர் காப்பி டிகாஷன் நிறத்துக்கு வரும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. இது கம்பெனியில் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை, பாசி செத்தால் மட்டும் தெரியும்.

மார்ச் 15, சனி

வானம் பழைய வேட்டி நிறத்தில் இருக்கிறது. நடுப்பகலிலும் வெளிச்சம் ஒரு மாற்றுக் குறைவு. அந்தக் கதிர் காற்றைச் சுட்டதால் உண்டான புகை என்கிறார்கள். மெஸ்ஸில் காஸ் தீர்ந்துவிட்டது. மத்தியானம் அவல்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்றாம் தொட்டி வெளுத்துவிட்டது. நேற்று மாலை டிகாஷன், இன்று மத்தியானம் அரிசி கழுவிய தண்ணீர்.

இதற்குக் காரணம் தேட நான் வானத்தைப் பார்க்கத் தேவையில்லை. கடல் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றியதும் கிருமி சாக பிளீச்சிங் பவுடர் போடுவோம். மறுநாள் அந்தக் குளோரினை முறிக்கத் தயோ உப்புப் போடுவோம். முறிந்ததா என்று பார்க்க ஒரு குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட வேண்டும். மஞ்சளானால் குளோரின் மிச்சம். மிச்சமிருந்தால் பாசி சாகும். தயோ போட்டுச் சொட்டு விடுவது பூங்காவனத்தின் வேலை.

"சொட்டு விட்டியா?"

"விட்டேன் சார். மஞ்சளே வரல. வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் செத்துச்சு?"

"அது எனக்கு எப்பிடி சார் தெரியும்? தயோ போட்டேன், சொட்டும் வுட்டேன். எம் பொண்ணு மேல சத்தியம் சார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சத்தியம் செய்தால் குளோரின் முறியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நானே ஒருமுறை சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சள் வரவில்லை. அதற்குள் காற்றில் போயிருக்கும்.

மார்ச் 19, புதன்

ஒன்றும் இரண்டும் போயின. முதலாளிக்கு அறிக்கை அனுப்பினேன். காரணம் என்ற கட்டத்தை வெற்றாக விட முடியாது. ஒரு பெயர் எழுத வேண்டியிருந்தது.

மார்ச் 22, சனி

முதலாளி வேங்கடசுப்பையா சென்னையிலிருந்து வந்தார். காரை விட்டு இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார்.

"நாப்பது லட்சம் குஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது கஜபதி! என்னத்தப் போடப் போறே? உன் டிகிரி சர்டிபிகேட்டையா?"

பூங்காவனத்தைக் கூப்பிட்டார். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அவள் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் தப்புப் பண்ணல சார். பதினாறு வருசத்துல ஒரு தொட்டி எங்கையால செத்ததில்ல. என்ன அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா குளோரின வுட்டவன்னு பேர் வச்சி அனுப்பாதீங்க. பக்கத்துக் கம்பெனில எவனும் சேக்க மாட்டான்" என்றாள்.

நான்தான் வழி சொன்னேன். கஜபதிக்கு இரக்கம் கிடையாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அவள் வேலையில் இருக்கட்டும், நாளை முதல் தொட்டியருகேயே காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை நின்று, அரை மணிக்கொரு தரம் நிறத்தைப் பார்த்து எழுதட்டும், குளோரினா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றேன். அவள் உடனே, "நிக்கிறேன் சார்" என்றாள். சந்தோஷமாகவே சொன்னாள்.

இன்னொன்றும் செய்தேன். பாசி வெளுத்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இந்தத் தொழிலில் முதல் பாடம் அது. வானம் வேறு மங்கிக் கிடக்கிறது. ஆகவே தொட்டிகளுக்கு மேல் கட்டியிருந்த பச்சை நிழல் வலையைச் சுருட்டி ஓரமாகப் போடச் சொன்னேன். பன்னிரண்டு தொட்டிகளும் திறந்த வெளியில் பளிச்சென்று நிற்கின்றன.

மார்ச் 23, ஞாயிறு

வெயிலில் ஏதோ கோளாறு. வெளிச்சம் மந்தம், சூடும் அதிகமில்லை. ஆனால் குழாயைத் திருப்ப வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றேன், முழங்கைக்குக் கீழே வெந்நீர் கொட்டியதுபோல் சிவந்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவினேன். மீதி நாள் முழுக்க ஆய்வறை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்ராஸ்கோப் பார்த்தேன்.

ஜன்னல் வழியாகப் பூங்காவனம் தெரிந்தாள். தலையில் துண்டு. தொட்டிக்குத் தொட்டி குனிந்து பார்ப்பதும் நோட்டில் எழுதுவதுமாக இருந்தாள். நான்காம் தொட்டியும் வெளுத்தது.

மார்ச் 24, திங்கள்

பூங்காவனத்தின் முகம் வீங்கியிருக்கிறது. மூக்குத் தண்டில் தோல் உரிகிறது. கண்ணில் மணல் விழுந்ததுபோல் அறுக்கிறது என்றாள். சொட்டு மருந்து வாங்கி விடச் சொன்னேன்.

நாலு மணிக்குக் குறிப்பு நோட்டைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கண்ணாடி ஜாடி ஒண்ணு மூணு நாளா தொட்டிச் செவுத்து மேலயே நிக்குது, நான் எடுக்க மறந்துட்டேன். அதுல இருக்கறது கருகருன்னு நல்லா இருக்குது சார். அதே தண்ணி, அதே வெயிலு."

"ஜாடில மூணு லிட்டர், தொட்டில ஆயிரம் லிட்டர். ரெண்டும் ஒண்ணாம்மா?"

"இல்ல சார், கண்ணாடி போட்டு மூடி இருக்கறதால…"

"நீ நிறத்த மட்டும் எழுது. ஆராய்ச்சிய நான் பாத்துக்கறேன்."

கண்ணைக் கசக்கிக்கொண்டே போனாள்.

மார்ச் 25, செவ்வாய்

அன்றைக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த விஞ்ஞானி இன்று பேசினார். பேசியதைக் கேட்டு மெஸ்ஸில் ஒருவரும் சாப்பாட்டைத் தொடவில்லை.

நமக்கு மேலே உயரத்தில் ஓசோன் என்று ஒரு வாயு விரிந்திருக்கிறது. சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரை அதுதான் இத்தனை கோடி வருடமாகத் தடுத்துவந்தது. அந்தப் பத்து விநாடி வெடிப்பு, அதில் பாதியைத் தின்றுவிட்டது. நம் தலைக்கு மேல் மிச்சம் பாதிக்கும் கீழ். திரும்ப வளர ஐந்து வருடம் ஆகலாம், பத்தும் ஆகலாம். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை யாரும் வெளியே வரக்கூடாது, யாரையும் வெளியே வேலை வாங்கக்கூடாது என்று அரசு அறிவித்திருக்கிறது.

தமயந்தி போனில் அழுதாள். "அந்தப் பாசிய விட்டுட்டு வந்துடுங்க" என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். வெளியே சாதாரண மாலை. தென்னை மட்டை ஆடுகிறது. ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறது.

அரசு அறிவிப்பைப் பற்றி முதலாளியைக் கேட்டேன். "பேப்பர்ல எழுதி ஆர்டர் வந்துச்சா நமக்கு? வரட்டும், பாக்கலாம்" என்றார். எழுத்து மூலமாக எதுவும் வரவில்லை என்பது உண்மை.

மார்ச் 26, புதன்

ஐந்தும் ஆறும் வெளுத்தன. பூங்காவனத்தின் குறிப்பில் மத்தியானத்துக்கு மேல் எழுத்து கோட்டிலிருந்து இறங்கி இறங்கிப் போகிறது.

மார்ச் 27, வியாழன்

விடியற்காலையில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. கண்ணாடி!

சாதாரணக் கண்ணாடி அந்தக் கெட்ட கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், நல்ல வெளிச்சத்தை உள்ளே விடும். மரக்காணம் பழைய சாமான் கடையிலிருந்து ஜன்னல் கண்ணாடிகள், பஸ் கண்ணாடிகள், ஒரு நகைக்கடையின் காட்சிப் பெட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவந்து, மிச்சமிருந்த ஆறு தொட்டிகள் மேல் அடுக்கினோம். பத்தொன்பது வருட அனுபவம் சும்மா போகுமா?

பூங்காவனம் வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

மார்ச் 29, சனி

டிகாஷன்! ஆறு தொட்டியும் கருகருவென்று டிகாஷன்! குஞ்சுகளின் வயிற்றில் பாசி ஓடுவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். முதலாளி என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கடற்கரை நெடுக இருக்கும் பொரிப்பகங்களிலிருந்து போன் வந்தபடி இருக்கிறது. ஒரு டிவிக்காரர் வந்து, "இந்த ஐடியா உங்களுக்கு எப்படி சார் வந்தது?" என்று கேட்டார். ஆய்வு மனப்பான்மை என்று பதில் சொன்னேன்.

ஏப்ரல் 2, புதன்

மீன் விற்க வருகிற ஏழுமலை வெறும் கூடையோடு வந்தான். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"கடலு தெளிஞ்சி போச்சி சார். எட்டுப் பாகம் ஆழத்துல தரை தெரியுது. கண்ணாடியாட்டம் இருக்குது. எங்க அப்பாரு காலத்துலகூட இப்பிடிப் பாத்ததில்ல."

அவனுக்கு அது ஒரு அதிசயம். எனக்கு அதன் அர்த்தம் தெரியும்.

கடல் கலங்கலாகவும் பச்சையாகவும் இருப்பது அழுக்கினால் அல்ல, பாசியினால். சின்ன மீனுக்கு அது சோறு, பெரிய மீனுக்குச் சின்ன மீன் சோறு. நாம் இழுக்கிற மூச்சில் பாதியை உண்டாக்குவதும் அந்தப் பாசிதான். என் பன்னிரண்டு தொட்டியில் ஆறு வெளுத்ததற்கு நான் குதித்த குதி என்ன! வெளியே வங்காள விரிகுடாவே வெளுத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் எந்தப் பழைய சாமான் கடைக் கண்ணாடியைக் கொண்டுபோய் மூடுவது?

ஆழத்தில் இருப்பது தப்பிக்கும், மறுபடி மேலே வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பிட முடியவில்லை.

காகம் கரைந்து நான்கு நாளாயிற்று. மெஸ் சமையல்காரர் சொல்லித்தான் கவனித்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். தமயந்தி பாயசத்தைப் படம் எடுத்து அனுப்பினாள்.

பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூங்காவனத்தை அங்கே சேர்த்து இரண்டு வாரமாகிறதாம். நான் இன்றுதான் போக முடிந்தது, வேலை அப்படி. வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், எல்லார் கண்ணிலும் கட்டு. கொத்தனார், நாற்று நடுகிறவர்கள், உப்பளத்துப் பெண்கள், ஒரு போக்குவரத்துக் காவலர். இத்தனை பேர் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக் காலடிச் சத்தத்தைக் கேட்டதைப் பார்த்ததும் எனக்கு வெளியே ஓடிவிடலாம்போல் இருந்தது.

அவளுடைய மகள் கோமதி விவரம் சொன்னாள். கருவிழியில் வெந்த புண்ணில் தொட்டித் தண்ணீர் பட்டுச் சீழ் வைத்திருக்கிறது. இரண்டு கண்ணிலும் தழும்பு. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. யாராவது இறந்தவரின் கருவிழியை எடுத்து வைத்துத் தைத்தால் பார்வை வரலாம்.

"யாரு, சாரா?" என்றாள் பூங்காவனம். "தொட்டில்லாம் எப்பிடி சார் இருக்குது?"

"நல்லா இருக்கும்மா. கண்ணாடி போட்டு மூடிட்டோம்."

"நல்லதாப் போச்சு சார்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொதலாளி என்ன அனுப்பாம வுட்டாரே, அது நீங்க சொல்லித்தானே. அத நான் மறக்கல. நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள்.

ஆப்பிள் வாங்கிப் போயிருந்தேன். அதைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கருவிழிக்கு மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அரசு இரண்டு பட்டியல் போட்டிருக்கிறது. மார்ச் 25 எச்சரிக்கைக்குப் பிறகும் முதலாளிகளால் வெயிலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு முதல் பட்டியல், மூன்று மாதத்தில் கண் கிடைக்கும். தானாக வெளியே போனவர்களுக்கு இரண்டாம் பட்டியல். அதற்கு எத்தனை வருடம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் பட்டியலில் பெயர் வந்தால் அந்த முதலாளி மேல் வழக்கும் வரும். பூங்காவனத்துக்காகக் கோமதி மனுக் கொடுத்திருக்கிறாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இதுவரை போட்டதில்லை.

"கஜபதி, நிக்கச் சொன்னது நீ. வலையச் சுருட்டச் சொன்னதும் நீ. நான் கேஸ்ல மாட்டினா நீயும் மாட்டுவே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மார்ச் 22ஆம் தேதியிலிருந்து 26 வரைக்குமான பணிப் பதிவேட்டைப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுடைய குறிப்பு நோட்டை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். கம்பெனி இருந்தால்தான் முப்பது குடும்பம் சாப்பிடும்.

மே 6, செவ்வாய்

விசாரணை முடிந்தது. பிரச்சனை எதுவும் இல்லை.

மே 7, புதன்

நேற்று எழுதியது பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தேன், என் சொந்த டைரியிலேயே. நடந்ததை எழுதுகிறேன்.

தொழிலாளர் துறையிலிருந்து ஜெயக்கொடி என்ற அதிகாரி வந்திருந்தார். முதலாளியின் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவனத்தைக் கோமதி கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். பூங்காவனம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கண் தெரியாத இந்த ஒரு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"எச்சரிக்கை வந்ததுக்கு அப்புறமும் வெயில்ல நின்னீங்களாம்மா?"

"நின்னேன் மேடம். தொட்டி நெறம் பாக்கறதுக்கு."

"யாரு நிக்கச் சொன்னது?"

"கஜபதி சாரு. அவரு எம் வேல போவக்கூடாதுன்னுதான் மேடம் சொன்னாரு. இங்கதான் இருப்பாரு, கேட்டுப் பாருங்க. சாரு பொய் சொல்ல மாட்டாரு."

சொல்லிவிட்டு நான் இருப்பதாக நினைத்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். அந்தப் பக்கம் பீரோ இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். முதலாளி மேஜை மேல் இருந்த பதிவேட்டைப் பார்த்தார். நான், "அப்படி நான் சொல்லல மேடம். அவங்களா வந்து நின்னாங்க. ரிஜிஸ்டர்ல இருக்கு" என்றேன்.

குரல் வந்த திசைக்கு அவள் முகம் மெல்லத் திரும்பியது. கத்துவாள் என்று நினைத்தேன். சாபம் விடுவாள் என்று நினைத்தேன். விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. கோமதிதான், "அம்மா! என்னாம்மா இது!" என்று பதறி எழுந்தாள். பூங்காவனம் மகளின் கையைத் தேடிப் பிடித்து அடக்கிவிட்டு, "சாரு சொல்றாருன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். எனக்குத்தான் மறந்துபோச்சோ என்னவோ. வலில ஒண்ணும் வெளங்கல அப்ப" என்றாள்.

அதிகாரி இரண்டாம் பட்டியல் என்று எழுதினார். பேனா ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்தன என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. வானத்தில் அத்தனை பெரிய வெடிப்பு நடந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. அந்த நட்சத்திரத்துக்கு இங்கே பூங்காவனம் என்று ஒருத்தி இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும். பதினாறு வருடமாகத் தெரியும்.

இன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனேன். அலுவலகம் திறக்கும்வரை படிக்கட்டு நிழலில் உட்கார்ந்திருந்தேன். நேற்று சொன்னது பொய் என்றேன். ஜெயக்கொடி மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"கைப்பட எழுதிக் கொடுங்க. வேலை போகும். கேஸும் உங்க மேலதான் முதல்ல வரும். தெரியுமா?"

தெரியும் என்றேன். எழுத உட்கார்ந்தேன். நாற்பது வரி இருக்கும். இரண்டு படி எடுத்து, ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். பழைய பட்டியலில் அவள் பெயர் மேல் கோடு போட்டு, முதல் பட்டியலில் என் கண் முன்னாலேயே எழுதினார்.

மே 8, வியாழன்

வெயில் இறங்கியதும் பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனேன். கோமதி கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து, "யாருடி?" என்ற குரல் கேட்டது. நான்தான் என்றேன். "வாங்க சார்" என்றாள் பூங்காவனம்.

நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து என்னிடமிருந்த படியை வாசித்தேன். இது என் வாக்குமூலம், முதலாளிக்காக எழுதிய பதிவேடு பொய், அதில் இருப்பது என் கையெழுத்துத்தான். மார்ச் 22 அன்று வலையைச் சுருட்டச் சொன்னது நான். திருமதி பூங்காவனம் அவர்களை நான்கு நாட்கள் வெயிலில் நிற்கவைத்தது நான், எச்சரிக்கை வந்த மறுநாளும் தடுக்கவில்லை. கண்ணாடி போட்டு மூடினால் பாசி பிழைக்கும் என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். மார்ச் 24 அன்று அவர் சொன்னார், நான் கேட்கவில்லை, பிறகு என் யோசனை என்று சொல்லிக்கொண்டேன். அவர் தண்ணீரில் தயோ சரியாகப் போட்டிருந்தார். மார்ச் 18 அன்று நானே சொட்டு விட்டுப் பார்த்தேன், மஞ்சள் வரவில்லை. தண்ணீரில் குளோரின் இல்லை என்று எனக்குத் தெரிந்த பிறகுதான் அறிக்கையில் அவர் பெயரை எழுதினேன்.

கோமதி சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கடைசில படிச்சதை மட்டும் இன்னொருவாட்டி படிங்க சார்" என்றாள் பூங்காவனம்.

படித்தேன்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். இரண்டு கண்ணிலும் பால் ஆடை படிந்ததுபோல் வெள்ளை.

"அன்னிக்கே தெரியுமா சார் உங்களுக்கு? அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் வெயில்ல நின்னிருக்க மாட்டேனே சார்."